வரிவரியின் பரீட்சையும் என் பதினெட்டாயிரமும்

என் மருமகள் எனக்குப் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தாள். ஜாவா என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷை. அதை வைத்து இணையப் பக்கங்கள் செய்யத் தெரியும் என்று சான்றிதழ் தருகிற பரீட்சை ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டிய பணம் அது. கல்லாவைத் திறந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக இல்லை, தெரியாவிட்டால் உங்களுக்கு மேலே புரியாது. நான் மூன்றாவது வரை படித்தவன். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற வண்டி ஸ்டாண்ட் என்னுடையது. பன்னிரண்டு சைக்கிளையும் ஒரு கயிற்றையும் வைத்து ஆரம்பித்தேன். இன்று முந்நூற்று இருபது வண்டி நிற்கிறது. இருபத்தேழு வருஷத்தில் ஒருவன் வண்டி இன்னொருவனிடம் மாறிப் போனதில்லை. ஒரு வண்டிக்குப் பத்து வாங்குகிறேன். ஆயிரத்து எண்ணூறு வண்டியை உள்ளே விட்டு வெளியே எடுத்தால்தான் பதினெட்டாயிரம். அந்தக் கணக்கு தெரிந்துதான் கொடுத்தேன்.

அவளுக்கு நான் வைத்த பேர் வரிவரி. எதைக் கையில் கொடுத்தாலும் வரி வரியாகப் படிப்பாள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பர், எதுவும் தப்பாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒரு மின்விசிறி வாங்கி வந்தேன். அவள் உத்தரவாதச் சீட்டைப் படித்துவிட்டு, "மாமா, இதுல கடைக்காரர் முத்திரை இல்ல. இது செல்லாது" என்றாள். வேகாத வெயிலில் திரும்ப நடந்து முத்திரை வாங்கி வந்தேன், முணுமுணுத்துக்கொண்டே. மூன்றாம் மாதம் விசிறி நின்றுவிட்டது. சீட்டைக் காட்டிப் புது விசிறி வாங்கினேன். அன்றிலிருந்து அவள்மேல் எனக்கு ஒரு மரியாதை. வெளியே சொன்னதில்லை.

அவள் அப்பா தையல்காரர். மூன்று பெண்களில் இவள் நடுப்பெண். டிப்ளமோ முடித்தவள். என் மகன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவள் வேலை பார்க்கிற கம்பெனி, பார்சல் அனுப்புகிறவர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கிறது. மற்றவர்கள் எழுதிய பக்கத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. ஆறு வருஷமாக அதுவே. உடையும்படி எழுதியவனுக்கு இரண்டு மடங்கு சம்பளம், உடைந்ததைக் கண்டுபிடித்தவளுக்கு ஒரு மடங்கு. இது என்ன நியாயம் என்று நான் கேட்டேன். அவளும் அதைத்தான் மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள், கொஞ்சம் பதமாக.

மேனேஜர் சொன்னாராம்: "எழுதற டீம்ல ஒரு இடம் இருக்கு. அடுத்த மாசக் கடைசிக்குள்ள அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணிட்டு வாங்க, உங்களுக்குத்தான். இல்லைன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துடுவேன்." பாஸானால் கட்டிய பணத்தைக் கம்பெனி திருப்பித் தரும். ஃபெயிலானால் போனது போனதுதான்.

"மாமா, இது சும்மா வாங்கல. கடன்" என்றாள் பணத்தை வாங்கும்போது. "பாஸானா, கம்பெனி குடுத்ததும் உங்க கையில வச்சிடுவேன். இல்லைன்னா மாசம் ஆயிரத்தஞ்ஞூறு, ஒரு வருஷம்."

"வட்டி?"

"வட்டி கேட்டீங்கன்னு அத்தைகிட்ட சொல்லட்டுமா?"

வட்டியை விட்டுவிட்டேன்.

வீட்டில் படிக்க இடமில்லை. இரண்டு அறை, ஒன்றில் மகன் வந்தால் பகலெல்லாம் தூங்குவான், இன்னொன்றில் என் மனைவியின் தையல் மிஷின். அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே என்னோடு ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை. ஒரு தகர மேஜை, அந்த உத்தரவாத விசிறி, ஓரமாகப் பழைய டோக்கன் மூட்டை. எட்டு மணி வரை அங்கே படித்துவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போவாள்.

புத்தகம் செங்கல் கனம். ஒருநாள் பிளேடை எடுத்தாள், கடைசிப் பதினாறு பக்கத்தைச் சரசரவென்று அறுத்தாள். புத்தகத்தின் முனையைக்கூட மடிக்காதவள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதுல விடை இருக்கு மாமா. என் கைக்கெட்டுற தூரத்துல இருந்தா பார்த்துடுவேன். நீங்க வச்சுக்குங்க. நான் கெஞ்சினாலும் தராதீங்க."

"டோக்கன் இல்லாம வண்டி தரமாட்டேன்" என்றேன்.

இப்படித்தான் நான் பரீட்சை அதிகாரி ஆனேன். மாதிரித் தேர்வு ஒன்றுக்கு அறுபது கேள்வி. அவள் தாளில் கேள்வி எண்ணையும் விடை எழுத்தையும் எழுதித் தருவாள். ஏ, பி, சி, டி எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் வரிசைகளுக்கு அந்த எழுத்துதான் போட்டிருக்கிறேன். நான் விடைத்தாளோடு ஒத்துப் பார்த்து, சரிக்கு டிக், தப்புக்குப் பெருக்கல் குறி போடுவேன். நூற்றுக்கு எழுபது வந்தால் பாஸ். அறுபதுக்கு நாற்பத்திரண்டு.

நடுநடுவே தன் படிப்பைப் பற்றி எனக்கும் சொல்லுவாள். சர்வ்லெட் என்று ஒன்று இருக்கிறதாம். யார் என்ன கேட்டாலும் வாங்கி, பதிலைக் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆயிரம் பேர் வந்தாலும் ஆள் ஒன்றுதான்.

"அப்போ நான்தான்னு சொல்லு."

"ஆமா மாமா. நீங்க ஒரு சர்வ்லெட்."

பேர் எனக்குப் பிடித்துப்போயிற்று. காலை ரயிலுக்கு வண்டி விடுகிற தபால்காரரிடம் சொன்னேன். அவர் அன்றிலிருந்து என்னை வேறு பேரில் கூப்பிடவே இல்லை.

இன்னொன்று, செஷன். நீங்கள் ஒரு பக்கத்துக்குள் போனால் கம்ப்யூட்டர் உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லையாம். ஒரு நம்பரைக் கொடுத்து அனுப்புமாம். அடுத்த தடவை அந்த நம்பரைக் காட்டினால்தான் நீங்கள் யாரென்று தெரியுமாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இருபத்தேழு வருஷமாகச் செய்வதை எவனோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறான்.

மதிப்பெண்கள் அமோகமாக வந்தன. முதல் தேர்வில் ஐம்பத்தொன்று. அடுத்து ஐம்பத்து மூன்று. ஐந்தாவதில் ஐம்பத்து நாலு. ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கனோடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கு மட்டும் இல்லை, கேட்காதவர்களுக்கும். கொஞ்ச நாளில் அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

"இன்னைக்கு எவ்வளவு சர்வ்லெட் அண்ணே?"

"அம்பத்திநாலு. அறுபதுக்கு."

"பரீட்சையே வேணாம்போல. நேரா ஆபீசைக் கையில குடுத்துடலாம்."

பத்துத் தேர்வும் முடிந்தன. பரீட்சைக்கு ஒன்பது நாள். அன்று காலை அவள் பத்தாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நாற்பத்தேழாவது கேள்வி. இதுக்கு டிக் போட்டிருக்கீங்க."

"சரியா இருந்தா போடாம?"

"இது எனக்குச் சுத்தமா தெரியாத கேள்வி. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன். அதுவும் ரெண்டு விடை எழுதணும். ரெண்டும் சரியா இருக்க வாய்ப்பே இல்ல. விடையைக் குடுங்க."

"பரீட்சை முடியற வரைக்கும் தரக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"மாமா."

கொடுத்தேன். பார்த்தாள். இன்னொரு கேள்வி பார்த்தாள். பிறகு ஒன்பதாவது தாள், எட்டாவது தாள்.

"இதுல 'பி, டி'ன்னு போட்டிருக்கு. நான் 'பி, ஈ'ன்னு எழுதியிருக்கேன். எப்படி மாமா சரி?"

"முதல் எழுத்து ஒத்துப்போகுதே."

"ரெண்டாவது?"

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. என் டோக்கனில் இரண்டு குறி இருக்கும். 'பதினேழு, சி' என்று இருந்தால் பதினேழுதான் வண்டி. 'சி' என்பது அது எந்த வரிசையில் நிற்கிறது என்று நாங்கள் தேடுவதற்கு. வண்டிக்காரனிடம் நம்பர் சரியாக இருந்தால் போதும். வரிசை எழுத்து அழிந்திருந்தாலும் வண்டியைக் கொடுத்துவிடுவோம். அந்த விடைத்தாளிலும் முதல் எழுத்துதான் விடை, பின்னால் இருப்பது எந்தப் பக்கம், எந்தப் பாடம் என்று சொல்கிற வரிசைக் குறி என்று நான் எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்? இருபத்தேழு வருஷம் மாறிப் போகாத ஸ்டாண்ட்.

அவளுக்கு நான் இதை விளக்கினேன். முழுதும் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பத்துத் தாளையும் அங்கேயே திருத்த ஆரம்பித்தாள். அன்று ஆபீசுக்கு அரை நாள் விடுப்பு. ஐம்பத்து நாலு என்று நான் தெருவெல்லாம் சொன்ன தாளின் உண்மையான மதிப்பெண் முப்பத்தேழு. பத்துத் தாளில் ஒன்றுகூட நாற்பத்திரண்டைத் தொடவில்லை. நான் டிக் போட்டதையெல்லாம் தெரிந்த பாடம் என்று நினைத்து, அவள் ஒரு மாதமாக அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கிறாள்.

மத்தியானம் சாப்பாட்டோடு வந்த என் மனைவி நடந்ததைக் கேட்டாள். "ஒரு எழுத்தப் பார்த்து டிக் போடறதுக்கு உங்களுக்கு எதுக்குங்க மூக்குக் கண்ணாடி? ஒத்தைக் கண்ணே போதுமே."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்துதான் இப்படி ஆச்சு."

நான் மருமகளைப் பார்த்துச் சொன்னேன்: "இங்க பாரும்மா. தப்பு என்னுது. நீ ஃபெயிலானா, எனக்கு அந்தப் பதினெட்டாயிரம் வேணாம். ஒத்தக் காசு வாங்கமாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "பாஸானா?"

"பாஸானா ஒத்தக் காசு விடமாட்டேன்."

அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "சரி. அப்போ வாங்கிக்கத் தயாரா இருங்க."

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாள் போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் இல்லை. ஸ்டாண்ட் திறந்த முதல் வாரம்கூட இவ்வளவு பரபரப்பாக இல்லை. தப்பான கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள், இருநூற்று முப்பத்தாறு. ஒவ்வொரு காலையும் அதில் அறுபதைக் கலைத்துப் போட்டு அவளே தேர்வு வைத்துக்கொண்டாள். நான் திருத்தினேன். இப்போது என் பார்வையே வேறு. ஒரு விரலை முதல் எழுத்திலும், இன்னொரு விரலை இரண்டாவது எழுத்திலும் வைத்து, இரண்டும் பொருந்தினால்தான் டிக். ஒரு விரல் நகர்ந்தாலும் பெருக்கல் குறி.

"மாமா, இதுல அரை மார்க்காவது குடுக்கலாமே" என்பாள் வேண்டுமென்றே.

"அரை வண்டி குடுக்கறது இல்ல."

முதல் நாள் ஜன்னலில் தபால்காரர் கேட்டார். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் என் ஸ்டாண்டில் பொய் டோக்கன் கிடையாது.

"முப்பத்தொம்பது."

"நேத்து வரைக்கும் அம்பதுக்கு மேல சொன்னீங்களே?"

"நேத்து வரைக்கும் எண்ணினவன் சரியில்ல."

"யார் அது?"

"வண்டிய 'டி' வரிசையில விடுங்க, ரயில் வந்துடும்."

ஒரு கேள்வி அவளை மூன்று நாள் அலைக்கழித்தது. ஆள் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அந்த செஷனை முடித்துவிடலாம் என்று சொல்ல இரண்டு வழி இருக்கிறதாம். தனியாக ஒரு கோப்பில் எழுதினால் எண் நிமிஷக் கணக்கு. நிரலுக்குள்ளேயே எழுதினால் அதே எண் நொடிக் கணக்கு. முப்பது என்று எழுதினால் ஓரிடத்தில் அரை மணி, இன்னோரிடத்தில் அரை நிமிஷம்.

"ஒரே கடையில ரெண்டு படியா?" என்றேன். "என் ஸ்டாண்டு வாசல் போர்டுல நாள் வாடகையும், உள் போர்டுல மணி வாடகையும் போட்டா, கல்லால அடிப்பான்."

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா பரீட்சையில கல்லால அடிக்க முடியாதே. மனப்பாடம்தான்."

நாற்பது. நாற்பத்தொன்று. ஒருநாள் முப்பத்தெட்டுக்குச் சறுக்கியது. அன்று ஜன்னலில் கேட்ட ஆறு பேரும் நான் சொல்வதற்குள்ளேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாள் நாற்பத்து மூன்று. அந்த எண்ணை நான் சொன்னதும் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஹெல்மெட்டைத் தட்டினார், பின்னால் நின்றவர்களும் தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் மருமகளின் முகம்கூடத் தெரியாது. கடைசி நாள் நாற்பத்து நாலு.

பரீட்சை அன்று ஸ்டாண்டை என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடப் போனேன். நாலு மாடிக் கட்டடம், மேல் மாடியில் பரீட்சைக் கூடம். வாசலிலேயே அவளுடைய போன், கைப்பை, கடிகாரம் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தாள்.

"டோக்கன் குடுங்க மாமா" என்றாள்.

"உனக்கு வேணாம். முகம் தெரியும்."

போய்விட்டாள். இரண்டு மணி நேரம். எனக்கு உட்கார வரவில்லை, நிற்கவும் வரவில்லை. கட்டடத்துக்குக் கீழே வண்டிகள் தாறுமாறாக நின்றன. ஒருவன் வண்டி இன்னொருவன் வண்டிமேல் சாய்ந்து, எடுக்க வழியே இல்லாமல். கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசைப்படுத்தினேன். பதினோராவது ஸ்கூட்டரில் காவலாளி ஓடி வந்தார்.

"யார் வண்டியய்யா தள்றீங்க?"

"யாருதுன்னு தெரியாது. ஆனா இப்போ எடுக்க முடியும் பாருங்க."

அவர் பார்த்தார். "அந்த ஓரத்துல இன்னும் நாலு இருக்கு" என்றார். இரண்டு பேருமாகத் தள்ளினோம்.

கூடப் பரீட்சை எழுதப் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஒருவன் போனில் யாரிடமோ அழுதுகொண்டே போனான். அவளை மட்டும் காணோம். நேரம் முடிந்து பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். வரிசைப்படுத்தின வண்டிகளை முதலிலிருந்து மறுபடியும் எண்ணினேன்.

வந்தாள். கையில் ஒரு தாள். படியில் நின்று நின்று அதைப் படித்துக்கொண்டே இறங்கினாள், முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"இருங்க மாமா. ரெண்டாவது பக்கம் இருக்கு."

இதையுமா வரி வரியாகப் படிக்க வேண்டும்? தாளைப் பிடுங்கினேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண் தெரியும். மேலே எழுபது என்று இருந்தது. அதற்குக் கீழே எழுபத்து மூன்று. இரண்டு விரலையும் இரண்டு எண்ணின்மேல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"எழுபது வேணும். உனக்கு எழுபத்திமூணு."

"ஆமா மாமா. நாற்பத்திநாலு கேள்வி சரி. அந்த நிமிஷம், நொடிக் கேள்வியும் வந்துச்சு. போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?"

"முடிச்சதும் பரீட்சைக் கூடம் எப்படி இருந்துச்சுன்னு கருத்து கேட்டாங்க. முப்பது கேள்வி. எல்லாரும் படிக்காம அமுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் படிச்சு எழுதினேன். நாற்காலி ஆடுதுன்னு போட்டேன்."

நான் காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் எதற்கென்று கேட்காமல் திரும்பக் குலுக்கினார். திரும்பும் வழியில் என் மகனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ நெடுஞ்சாலையில் லாரியை ஓரம் கட்டிவிட்டு ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது. ஸ்டாண்டில் என் மனைவி ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ரெண்டு எழுத்தும் பார்த்தீங்களா?" என்று என்னைத்தான் கேட்டாள், அவளை இல்லை. பார்த்தேன் என்றேன். அப்புறம்தான் மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி அவள் எழுதுகிற டீமுக்கு மாறினாள். இப்போது அவள் எழுதியதை உடைத்துப் பார்க்க வேறொரு பெண் இருக்கிறாளாம். "ரொம்பக் கறாரா இருக்கா மாமா, எனக்கே பயமா இருக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

கம்பெனி பணம் வர மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலை ஏழே முக்காலுக்கு, ரயில் கூட்டம் ஜன்னலை நெருக்கிக்கொண்டிருக்கும்போது, வரிசையில் நின்றே வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்றாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கைப்பையைத் திறந்தாள்.

"கையை நீட்டுங்க மாமா."

நீட்டினேன். எத்தனையோ வருஷமாகப் பத்தும் இருபதுமாக இந்தக் கையில் வாங்கியிருக்கிறேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினது அன்றுதான்.

ஐந்நூறு நோட்டு. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக வைத்தாள். பத்துக்கு வரும்போது பின்னால் நின்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். தபால்காரர்தான் சத்தமாக. முப்பத்தைந்தில் நிறுத்தினாள். ஒரு நோட்டு அவள் விரலிடுக்கில் இருந்தது.

"இது தப்பா டிக் போட்டதுக்கு அபராதம். பிடிச்சுக்கறேன்."

"ஒத்தக் காசு விடமாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கேன்."

"அண்ணே, ரயில் வந்துடுச்சு, டோக்கன் குடுங்க" என்றார் பின்னால் ஒருவர்.

"இருய்யா. பணம் வந்துக்கிட்டிருக்கு."

கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு அந்த நோட்டை மற்றதன்மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு தட்டுத் தட்டினாள்.

"முப்பத்தாறு."